ஏழு நத்தைகளும் ஓர் உப்புக் கையும்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். பின்னால் இருப்பவருக்கும் காது எட்டட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு நத்தைக் கதை. முதுகில் ஓடு சுமக்கிற நத்தை இல்லை. தோட்டத்து ஈரத்தில் வெறும் உடம்போடு ஊர்ந்து போகுமே, அந்த ஓடில்லாத நத்தை. முகத்தைச் சுளிக்காதீர்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு அக்கா, ஒரு தங்கை. அக்காவின் வீட்டுக்காரர் உப்பு ஆலையில் மூட்டை கட்டுகிறவர். தங்கை வெளியூரில் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். அவள் வளர்க்கும் ஏழு நத்தைகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டி ஒரு மாதமாக அக்கா வீட்டுச் சமையலறை மேசைமேல் இருக்கிறது. காலை ஏழேகால் மணி. அத்தான் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா போனும் கையுமாகப் பெட்டியைக் குனிந்து பார்க்கிறாள். இனி நான் குறுக்கே வரவில்லை, அவர்களே பேசட்டும்.

அக்கா: ...இல்லடி, தூங்கல. தூங்கினா இப்படியா கவுந்து கிடக்கும்? வயிறு மேல தெரியுது.

தங்கை: அது வயிறு இல்லக்கா, பாதம். எத்தனை கவுந்திருக்கு?

அக்கா: ஒண்ணு. மத்ததெல்லாம்... இதுங்க நிக்குதா படுத்திருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

தங்கை: கண்ணாடியில எத்தனை ஒட்டியிருக்கு?

அக்கா: ஒண்ணே ஒண்ணு. மீதி மண்ணுல கிடக்கு.

தங்கை: நேத்து ராத்திரி?

அக்கா: ராத்திரி எல்லாம் ஜோராத்தான் இருந்துச்சு. இப்ப அவருக்கு டப்பா கட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா...

அத்தான்: நான் கிளம்பறேன். பஸ் போயிடும்.

அக்கா: ஒரு நிமிஷம் நில்லுங்க.

அத்தான்: நின்னா மட்டும்? நத்தைக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடப் போறியா?

தங்கை: அத்தான் இன்னும் போகலையா? அக்கா, ஸ்பீக்கர்ல போடு. அத்தான், டார்ச் எடுத்துட்டு வாங்க.

அத்தான்: பாரு, அங்கிருந்தே அதிகாரம். ஆராய்ச்சியம்மா, எட்டு மணிக்கு எனக்குச் சைரன் அடிச்சிடுவான்.

தங்கை: அத்தான், இன்னைக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு. வெளியிலேர்ந்து மூணு பேர் வர்றாங்க. இதுங்க கண்ணாடி மேல நடக்கணும், அவங்க கீழேர்ந்து பாதத்தைப் பார்க்கணும். முட்டையிலேர்ந்து வளர்த்தது அத்தான்... ரெண்டு வருஷம். இது போச்சுன்னா காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அத்தான்: ...டார்ச்சை எங்கேடி வச்சே?

அக்கா: அலமாரி மேல. செருப்போட உள்ளே வராதீங்க.

அத்தான்: இதோ. எங்கே அடிக்கணும்?

அக்கா: இங்கே, இந்தக் கவுந்ததுல. படம் எடுத்து அனுப்பவாடி?

தங்கை: என் போன் கண்ணாடி நொறுங்கி, எதைப் பார்த்தாலும் பச்சைக் கோடாத் தெரியுது. நீ பார்த்துச் சொல்லு. பெட்டி பக்கத்துல பிரஷ் இருக்கும், அதை நனைச்சு மெதுவா நிமித்திப் போடு.

அக்கா: ஐயோ... வழுக்குது... ஐயோ...

அத்தான்: தோசையா திருப்பறே? பக்கவாட்டுல தள்ளு. தலைப் பக்கம் படாம. ஆங்... அப்படித்தான்.

அக்கா: நிமிந்துடுச்சு.

தங்கை: தலைக்குப் பின்னாடி முதுகுல சால்வை போர்த்தின மாதிரி ஒரு மடிப்பு இருக்கா?

அக்கா: இருக்கு.

தங்கை: அதோட வலது ஓரத்துல ஒரு ஓட்டை தேடு. அதுலதான் மூச்சு விடும்.

அக்கா: யாருக்கு வலது? எனக்கா, அதுக்கா?

தங்கை: அதுக்கு!

அத்தான்: இதோ இருக்கு, இங்கே. கொட்டாவிக்கு எப்பவும் பெரிசாத் திறந்துதான் இருக்கும்.

தங்கை: யாருக்கு?

அத்தான்: ...என்ன?

தங்கை: கொட்டாவின்னீங்களே, யாரது?

அத்தான்: சும்மா சொன்னேன். மூணாம் நம்பர். மூச்சு வாங்கறப்ப கொட்டாவி விடற மாதிரி இருக்கும்... ஒரு வாட்டி கண்ணுல பட்டுச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

அக்கா: பெயரெல்லாம் வச்சாச்சா! என்கிட்ட, 'இந்தக் கண்றாவி எப்ப வீட்டை விட்டுப் போகும்'னுதானே கேட்டீங்க?

அத்தான்: டார்ச்சை ஆட்டாதே.

அக்கா: டார்ச் உங்க கையிலதான் இருக்கு.

தங்கை: ரெண்டு பேரும் நிறுத்துங்க! ஓட்டை திறந்து மூடுதா, திறந்தே இருக்கா?

அக்கா: திறந்தே இருக்கு. மூடல.

தங்கை: கொம்பு?

அக்கா: உள்ளே இழுத்துக்கிட்டிருக்கு. நாலும்.

தங்கை: மேல இருக்கிற ரெண்டும் கண்ணு. கீழே குட்டையா இருக்கிறது மோப்பம் பிடிக்க. மேல் கொம்புக்கு முன்னாடி விரலை நீட்டு, தொடாதே. நகருதா?

அக்கா: இல்லடி... கொஞ்சம்கூட இல்ல. வாய்கிட்ட என்னமோ நுரை நுரையா இருக்கு. உடம்பு பூரா சளி.

தங்கை: சளி இருக்கும். ஊர்றதுக்கே அதுதான். கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கா?

அக்கா: இல்ல. வெள்ளையா, கட்டியா, கஞ்சி மாதிரி.

தங்கை: உப்புப் பட்டா இப்படித்தான் ஆகும். அத்தான்...

அத்தான்: என்னை ஏன் ரெண்டு பேரும் முறைக்கறீங்க? ஒருத்தி போனுக்குள்ளேர்ந்து முறைக்கறா.

தங்கை: தொட்டீங்களா?

அத்தான்: தொடல.

தங்கை: சத்தியமா?

அத்தான்: இந்தப் பெட்டி வந்த அன்னைக்கே எத்தனை சட்டம் போட்டே! கிட்டே மூச்சு விடாதே, ஆலைச் சட்டையை இந்த அறையில மாட்டாதே, கை கழுவினாலும் தொடாதே. என் சொந்த வீட்டுல வாசல்லயே ரெண்டு வாளி ஊத்திட்டுத்தான் உள்ளே வர்றேன். மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை யாரு வீட்டுல கிடைக்கும்?

தங்கை: பதினோரு வருஷம் உப்புல ஊறின கை அத்தான் அது. உங்க தப்புன்னு சொல்லல. நத்தைக்குத் தோல்னா நமக்கு இருக்கிற மாதிரி இல்ல. ஒரு கல் உப்புப் பட்டாப் போதும், உள்ளே இருக்கிற தண்ணியெல்லாம் வெளியே வந்துடும்.

அக்கா: உப்பா இருக்காதுடி.

தங்கை: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: இருக்காது. நீ வேற ஏதாவது பாரு.

தங்கை: எப்படி அவ்வளவு உறுதியாச்...

அக்கா: சொல்றேன்ல. வேற பாரு.

தங்கை: சரி. தண்ணி? குழாயிலேர்ந்து நேரா தெளிச்சியா?

அக்கா: நீ சொன்னபடிதான். ராத்திரி பாத்திரத்துல திறந்து வச்சு, காலையில தெளிக்கறது. மருந்து வாசனையே இல்ல.

தங்கை: மண்ணு சொதசொதன்னு இருக்கா?

அக்கா: பிடிச்சா உருண்டை நிக்கும், பிழிஞ்சா தண்ணி வராது. அந்த உடைஞ்ச தொட்டித் துண்டும் நிழலுக்கு அப்படியே கவுத்து வச்சிருக்கேன்.

தங்கை: பூச்சி? வெள்ளையா, ஊசி முனை அளவு, அந்த மூச்சு ஓட்டையில புகுந்து புகுந்து வெளியே வரும்.

அத்தான்: அதெல்லாம் இல்ல. நேத்துகூடப் பூதக்கண்ணாடி வச்சு... வச்சுப் பார்த்தா உங்கக்காவுக்குத் தெரியும்.

அக்கா: நான் பார்க்கல. பூதக்கண்ணாடி உங்க தலையணைக்கு அடியில இருந்துச்சு.

அத்தான்: நான் ஆலைக்குப் போகணும்!

அக்கா: போகலாம், போகலாம். ஆலை எங்கேயும் ஓடிடாது.

தங்கை: முட்டை ஓட்டுப் பொடி போடறியா?

அக்கா: வாரம் ரெண்டு வாட்டி. ஓடே இல்லாததுக்கு ஓட்டுப் பொடி எதுக்குன்னுதான் எனக்குப் புரியல.

தங்கை: யாரு சொன்னா ஓடில்லைன்னு? இருக்குக்கா. அந்தச் சால்வைக்கு அடியில, உள்ளுக்குள்ள, நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி மெல்லிசா ஒண்ணு. வெளியே தெரியாது. இந்த இனத்துக்கு அவ்வளவுதான் மிச்சம். அதுவும் கரைஞ்சுடக் கூடாதுன்னுதான் பொடி.

அத்தான்: உள்ளே ஒளிச்சு வச்சிருக்கா ஓட்டை? கெட்டிக்காரிதான்.

தங்கை: காரியும் அதுதான், காரனும் அதுதான். ரெண்டும் ஒரே உடம்புல.

அத்தான்: நல்லதாப் போச்சு. யாரு சமைக்கறது, யாரு வேலைக்குப் போறதுங்கற பேச்சே இல்ல.

தங்கை: அக்கா, தீனி! நேத்து என்ன போட்டே?

அக்கா: நான் போடல. அவருதான் சாயங்காலம் வர்றப்ப இலை கொண்டு வருவாரு. மேலாகத் தூவிடுவாரு.

தங்கை: நான் கோசும் வெள்ளரியும்தானே வாங்கச் சொன்னேன்?

அக்கா: முதல் பத்து நாள் அதுதான். அப்புறம் இந்த இலை. இதைத்தான் விழுந்து விழுந்து தின்னுதுங்க. 'நல்லா கொழுத்திருக்கு'ன்னு போன வாரம் உன்கிட்ட சொன்னேன்ல?

தங்கை: என்ன இலை அத்தான்?

அத்தான்: கீரைதான். ஆலை வாசல்ல ஒரு அம்மா கூடையில வச்சு விக்கறாங்க.

தங்கை: அக்கா, மிச்சம் கிடக்கா? எடுத்துப் பாரு.

அக்கா: உள்ளங்கை அகலம். ஓரம் பல்லுப் பல்லா... கீரை மாதிரி இல்லடி. பூச்செடி இலை மாதிரி இருக்கு. இரு... காம்புக்கிட்ட மடிப்புல என்னமோ சிக்கியிருக்கு. நீலமா.

தங்கை: நீலமா?

அக்கா: அரிசிக் குருணை அளவு. ஒண்ணு... ரெண்டு. ஒண்ணு பாதி கரைஞ்சிருக்கு.

தங்கை: கீழே போடு! அந்த இலை பூரா வெளியே எடு! அக்கா, அது நத்தை மருந்து. நத்தையைக் கொல்றதுக்கே செய்யறது.

அத்தான்: என்னது?

தங்கை: தின்னதும் உடம்புல இருக்கிற சளியெல்லாம் கக்கிட்டுக் காய்ஞ்சு சாகும். அத்தான், சாப்பிடற கீரையில யாரும் இதைப் போட மாட்டாங்க. பூங்காவுல, பூப்பாத்தியில போடுவாங்க. அந்த அம்மா எங்கேர்ந்து பறிச்சாங்க? எப்ப போட்டது? நேத்தா, ஒரு வாரமா ஆச்சா? கேட்டுச் சொல்லுங்க, எவ்வளவு உள்ளே போயிருக்கும்னு எனக்குத் தெரியணும்!

அத்தான்: நேத்துக் காலையிலதான். அதுக்கு முன்னாடி இல்ல.

தங்கை: அந்த அம்மா சொன்னாங்களா?

அத்தான்: அம்மா யாரும் இல்ல.

தங்கை: ...அத்தான்?

அத்தான்: நீர்த்தொட்டிக்குப் பின்னாடி ஒரு பூங்கா இருக்கு. அங்கே இருக்கிற நத்தைங்க எதைத் தின்னுதுன்னு உட்கார்ந்து பார்த்தேன். கோசை விட இதைத்தான் தேடிப் போகுது. சரி, நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் தின்னட்டும்னு பறிச்சேன். நேத்து ஒரு ஆளு வாளியில என்னமோ தூவிட்டுப் போனான். உரம்னு நினைச்சேன்... நல்லது, செடி செழிக்கும்னு நினைச்சேன்.

தங்கை: எவ்வளவு நேரம் பார்த்தீங்க?

அத்தான்: ஒன்பது மணிக்கு வெயில் ஏறினதும் எல்லாம் பலகைக்கு அடியில போயிடும். அப்புறம் நாலு மணிக்கு மேல...

தங்கை: ஒன்பதா? உங்களுக்கு எட்டு மணிக்குச் சைரன்னீங்களே?

அக்கா: அதெல்லாம் அப்புறம் கேக்கலாம்டி. இப்ப இதுங்களுக்கு என்ன செய்யணும்?

தங்கை: ஈரம். ஈரம் கிடைச்சா மீண்டு வர்றது உண்டு. அகலமா ஒரு தட்டு எடு, அதுல நனைச்ச காகிதம் விரி. ஒவ்வொண்ணா தூக்கித் தட்டுல விடணும். ஆறின தண்ணியைச் சொட்டுச் சொட்டா முதுகுல விடணும், அந்த ஓட்டையில தண்ணி போகாம.

அக்கா: கரண்டியில எடுக்கறேன்.

தங்கை: வேணாம், பாதம் கிழிஞ்சுடும். விரலை நனைச்சுத் தலைப் பக்கத்துலேர்ந்து அடியில நுழை, அதுவே வழுக்கி மேல வரும்.

அக்கா: என்னால முடியாதுடி.

தங்கை: அக்கா!

அக்கா: முயற்சி பண்றேன்... இரு... ஐயோ, அசையுது! வழுக்குது, விட்டுடுவேன் போல இருக்கு. இப்பதான் காய் அரிஞ்சு உப்பு வேற பிசறினேன்...

தங்கை: அப்ப நீ தொடவே தொடாதே! பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடு.

அத்தான்: நான் எடுக்கறேன்.

தங்கை: அத்தான், வேணாம்! கெஞ்சிக் கேக்கறேன். எத்தனை வாட்டி கழுவினாலும் உங்க கை வெடிப்புக்குள்ள உப்பு இருக்கும். இருக்கிற உயிரும் போயிடும்!

அத்தான்: அது வந்து... இப்ப அப்படி...

தங்கை: அக்கா, நீயாவது சொல்லேன் அவர்கிட்ட!

அக்கா: அவரே எடுக்கட்டும்டி.

தங்கை: என்ன பேசறே நீ?

அக்கா: அவரு கையில உப்பு இல்ல. வெடிப்பும் இல்ல. மூணு வாரமா உப்பு மூட்டை தொடாத கை. என்னை என்ன பார்க்கறீங்க? டப்பாவைக் கீழே வச்சுட்டு விரலை நனைங்க. கொட்டாவியை முதல்ல எடுங்க.

அத்தான்: உனக்கு...

அக்கா: எடுங்கன்னா.

அத்தான்: ...வா. வா கண்ணு. அப்படித்தான். தட்டைக் கிட்டே கொண்டா. இன்னும் கிட்டே.

தங்கை: எடுத்துட்டாரா? சுருங்குதா? நுரை கூடுதா?

அக்கா: இல்லடி. சும்மா கிடக்கு. அவரு விரல்ல மடியில படுத்த மாதிரி கிடக்கு.

அத்தான்: ஒண்ணு ஆச்சு. அடுத்து அந்த மூலையில இருக்கிறது.

தங்கை: அத்தான்... ஆலைக்கு என்ன ஆச்சு?

அத்தான்: ஆலைக்கு ஒண்ணும் ஆகல. அது பாட்டுக்கு ஓடுது. ரெண்டு... தண்ணியை விடு, சொட்டா விடு. ஆபீஸ் முன்னாடி பூத்தொட்டி வச்சிருக்காங்க. மழைக்கு நத்தை ஏறிடுச்சு. சூப்பர்வைசர் கூப்பிட்டு, 'ரெண்டு கூடை உப்பைக் கொண்டு போய்க் கொட்டு'ன்னான். கொட்டினேன்.

தங்கை: கொட்டினீங்களா?

அத்தான்: ஒரு கை. ஒரே ஒரு கைதான். பதினோரு வருஷமா மூட்டை மூட்டையாக் கட்டறேன், அது என்ன செய்யும்னு அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். சுருண்டு, நுரை தள்ளி... ஓட்டை அப்படியே திறந்து கிடந்துச்சு. வலது பக்கம். மூணு... மெதுவா, மெதுவா. கூடையைக் கீழே வச்சுட்டேன். 'உப்புத் தூக்கறவனுக்கு உப்பு கனக்குதா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டான். 'ஆமா, கனக்குது'ன்னேன். 'அப்ப நாளையிலேர்ந்து வராதே'ன்னான். சரின்னுட்டு வந்துட்டேன்.

தங்கை: என் நத்தையாலதானா அத்தான்?

அத்தான்: உன் நத்தை என்ன பண்ணும்? நாலு... இது கண்ணாடியை விட மாட்டேங்குது, இதுக்கு ஒண்ணும் இல்ல, தின்னிருக்காது. இந்த வயசுல ஒருத்தன் நத்தைக்காக வேலையை விட்டான்னா யாரு நம்புவா? வீட்டுல எப்படிச் சொல்றது? சிரிப்பாங்க. அதான் பூங்காவுல... அஞ்சு.

தங்கை: பாக்கி?

அக்கா: ரெண்டு. ஒண்ணு நகருது. ஆறாம் நம்பர்தான்... சில்லுன்னு கிடக்குன்னு சொல்றாரு.

அத்தான்: அதையும் தட்டுல வைப்போம். தனியா விட வேணாம்.

தங்கை: ஆறு நடந்தாக்கூடப் போதும் அத்தான். நாலு நடந்தாலும் போதும். நான் மத்தியான வண்டியைப் பிடிச்சு வந்துடறேன். கொட்டாவியைப் பாருங்க. ஓட்டை?

அக்கா: அப்படியேதான்டி இருக்கு.

தங்கை: பாரு. விடாம பாரு.

அக்கா: ...

அத்தான்: ...

தங்கை: ஏதாவது சொல்லுங்களேன், எனக்கு இங்கே உட்கார முடியல!

அத்தான்: இரு... இரு... சத்தம் போடாதே.

தங்கை: என்ன?

அத்தான்: மூடுச்சு.

தங்கை: திறக்குதா? மறுபடியும் திறக்கணும்!

அத்தான்: ...திறக்குது. கொட்டாவி விடுது ஆராய்ச்சியம்மா! கண்ணுகூட ஒண்ணு லேசா எட்டிப் பார்க்குது.

தங்கை: அத்தான்... தண்ணியை நிறுத்தாதீங்க. அரை மணிக்கு ஒரு வாட்டி. நான் வந்துட்டே இருக்கேன், வைக்கறேன்!

அக்கா: வச்சுட்டா. பாவம், அழறா.

அத்தான்: ம்.

அக்கா: நீங்க என்னத்துக்கு அழறீங்க? சளியெல்லாம் முகத்துல படுது.

அத்தான்: எப்ப தெரியும் உனக்கு?

அக்கா: தினம் ராத்திரி உங்க கைக்குக் களிம்பு போடறது யாரு? வேலை விட்ட மூணாம் நாள் 'வேணாம்'னீங்க. பத்தாம் நாள் நீங்க தூங்கறப்ப பிடிச்சுப் பார்த்தேன். கல்யாணத்தன்னைக்குப் பிடிச்ச கை மாதிரி மெத்துன்னு இருந்துச்சு.

அத்தான்: அப்புறமும் தினம் காலையில டப்பாவைக் கட்டிக் கையில கொடுத்து, 'பஸ் போயிடும், பஸ் போயிடும்'னு விரட்டினியே... ஏன்டி? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

அக்கா: சொல்ற அன்னைக்கு நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுவரைக்கும் உங்களுக்குன்னு வெளியே தெரியாம ஒரு ஓடு வேணாமா? இருந்தது அந்த டப்பா ஒண்ணுதான். அதையும் நானே பிடுங்கிப் போடறதா?

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை முடிந்தது. கேட்டவர் வீட்டுக் கைகளெல்லாம் வெடிப்பு ஆறி மிருதுவாகட்டும். வாய் திறந்து சொல்ல முடியாததைத் தொட்டே தெரிந்துகொள்கிற ஒருவர் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கட்டும். உங்கள் தோட்டத்து ஈரம் காயாமல், உங்கள் அடுப்படியில் பேச்சுச் சத்தம் குறையாமல், எல்லோரும் நன்றாக இருங்கள்.